கொஞ்சம் ரோசனை பண்ணி வெக்கிற கம்ப்யூட்டர்

“ஏங்கண்ணு, நெட்டு இல்லாம, ஆரையும் கேக்காம, கம்ப்யூட்டர்ல சும்மா செஸ் ஆடறதுக்கு ஏதாச்சும் இருக்குதா?”

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காப்பி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து அப்பா இப்படிக் கேட்டார். “இருக்குதுங்கப்பா, அரை மணி நேரத்துல போட்டுத் தர்றேன்” என்றேன். முடிக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியவரோ, பள்ளிக்கூடம் போகும் குழந்தையோ இருந்தால், அந்த மூன்று வாரம் உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

அப்பாவுக்கு 74 வயது. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் முப்பத்தெட்டு வருசம் கணக்கு எழுதியவர். விரலி எத்தனை மூட்டை, கிழங்கு எத்தனை மூட்டை, எந்த விவசாயிக்கு என்ன பாக்கி என்பதெல்லாம் இன்றைக்கும் விரல்நுனியில் இருக்கிறது. அவருக்கு ஒரே ஒரு ஆட்டக் கூட்டாளி. கவுந்தப்பாடியிலிருந்து வரும் வெல்ல ஏவாரி. நாங்கள் ‘கவுந்தப்பாடி மாமா’ என்றுதான் கூப்பிடுவோம். ஏலம் தொடங்கும் வரைக்கும் காத்திருக்கும் நேரத்தில், மண்டித் திண்ணையில் ஒரு மஞ்சள் மூட்டையைப் படுக்கப் போட்டு, அதன்மேல் பலகையை வைத்து ஆடுவார்கள். வேலையை விட்ட பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள் மாமா பஸ் ஏறி வந்துவிடுவார். பொழுதோட வந்தால் ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

இந்த ஆட்டங்களுக்கு அப்பா கணக்கு வைத்திருந்தார். மண்டியில் மிச்சமான ஒரு பழைய பேரேடு. அதில் மாமாவுக்கு என்று தனிப் பக்கம். ஜெயித்தால் வரவு, தோற்றால் பற்று. வருசக் கடைசியில் பாக்கி எடுத்து, அடுத்த வருசத்துக்குக் கொண்டுபோவார். போன ஐப்பசியில் மாமா தவறிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் பலகை பீரோவுக்கு மேலேயே இருந்தது. அப்புறம்தான் இந்தக் கேள்வி வந்தது.

அப்பா கேட்டது என்ன?

செஸ் ஆட நல்ல சாஃப்ட்வேர் வேண்டும் என்று யாராவது கேட்டால், உடனே நாம் எது பலமானது என்று தேடப் போய்விடுகிறோம். நானும் முதலில் அங்கேதான் போனேன். அப்பா கேட்டது வேறு. அன்றைக்குச் சாயங்காலமே ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். பலகை பெரிதாக இருக்கோணும். பேரு, ஊரு, போன் நம்பர் எதுவும் கேட்கக் கூடாது. நடுவில் விளம்பரம் வரக் கூடாது. தப்பாக வைத்துவிட்டால் திருப்பி எடுக்கோணும். கரண்டு போனால் ஆட்டம் போய்விடக் கூடாது. கடைசி வரி: ‘சத்தம் வேண்டாம்.’

இதைவிட நல்ல தேவைப் பட்டியலை எந்த சாஃப்ட்வேர் கம்பெனியிலும் நான் பார்த்ததில்லை.

முதல் வாரம் வீணாகப் போனது. போனில் ஓர் ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். மூன்றாவது ஆட்டத்துக்குள் நகைச்சீட்டு விளம்பரம், கடன் விளம்பரம், சூதாட்டம் மாதிரி ஏதோ ஒன்று என வரிசையாக வந்தது. அப்பா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்து, கம்ப்யூட்டரில் போட இலவச செஸ் என்று தேடி, ஏதோ ஒரு தளத்தில் பெரிய பச்சைப் பொத்தானை அழுத்தினேன். செஸ் வந்தது, கூடவே கேட்காத மூன்று சாமான்களும் வந்து உட்கார்ந்துகொண்டன. அவற்றை விரட்ட ஒரு ராத்திரி ஆனது. எனவே முதல் பாடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: எந்த சாஃப்ட்வேரையும் அதை எழுதியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். லினக்ஸ் என்றால் அதன் சாஃப்ட்வேர் மேனேஜரே போதும். நடுவில் இருக்கும் ‘டவுன்லோடு’ தளங்கள் பக்கமே போக வேண்டாம்.

ஒரு காலத்தில் இந்தத் தேடலே தேவைப்படவில்லை. விண்டோஸ் விஸ்டாவிலும் விண்டோஸ் 7-இலும் ‘செஸ் டைட்டன்ஸ்’ என்று ஓர் ஆட்டம் கூடவே வந்தது. பத்து நிலைகள், பளபளப்பான காய்கள். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். ஆபீஸில் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அதை ஆடாதவர்கள் குறைவு. விண்டோஸ் 8-இல் அதை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் பிரவுசிங் சென்டர் காலத்தில் ‘செஸ்மாஸ்டர்’ இருந்தது. 1986-இல் தொடங்கிய அந்த வரிசை 2007-இல் வந்த பதிப்போடு நின்றுபோனது. கம்ப்யூட்டரோடு தானாக வந்த ஒன்றை இப்போது நாமே தேடிப் பொறுக்க வேண்டியிருக்கிறது.

பலகை வேறு, மூளை வேறு

தேடத் தொடங்கியதும் எனக்குக் குழப்பமாக இருந்த ஒரு விசயம் உண்டு. அது புரிந்த பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. செஸ் சாஃப்ட்வேர் என்று நாம் சொல்வதில் இரண்டு உருப்படிகள் இருக்கின்றன. ஒன்று, கண்ணுக்குத் தெரியும் பலகை. காய்களை இழுத்து வைப்பது, திருப்பி எடுப்பது, சேமிப்பது எல்லாம் அதன் வேலை. இன்னொன்று, உள்ளே கணக்குப் போடும் மூளை. அதை இஞ்சின் என்பார்கள். இஞ்சினுக்கு முகமே கிடையாது. தனியாகத் திறந்தால் வெறும் கறுப்புத் திரையும் எழுத்துகளும்தான் வரும். ‘உலகத்திலேயே பலமானது’ என்று படித்துவிட்டு ஸ்டாக்ஃபிஷ்ஷை மட்டும் இறக்கி, “ஒண்ணுமே வரலீங்க” என்று சொன்ன நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் இறக்கியது மூளையை மட்டும்.

இந்த இரண்டும் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி இருக்கிறது. யுசிஐ என்று பெயர். 2000-ஆம் ஆண்டு நவம்பரில் ருடால்ஃப் ஹூபரும் ஸ்டெஃபான் மேயர்-காலனும் அதை வெளியிட்டார்கள். அந்த மொழி தெரிந்த எந்தப் பலகையிலும் அது தெரிந்த எந்த மூளையையும் மாட்டிக்கொள்ளலாம். மண்டிக்காரருக்கு இதைப் புரிய வைக்க எனக்கு ஒரு நிமிசம்தான் ஆனது. “தராசு ஒருத்தரு, எடை எழுதறவரு இன்னொருத்தரு” என்றேன். “அப்படிச் சொல்லு” என்றார்.

ஸ்டாக்ஃபிஷ் பற்றி ஒரு வார்த்தை. நார்வேக்காரர் டோர்ட் ரோம்ஸ்டாட் எழுதிய ‘கிளாவ்ருங்’ என்ற இஞ்சினை எடுத்து, இத்தாலிக்காரர் மார்கோ கோஸ்டால்பா 2008-இல் தொடங்கியது அது. முழுக்க இலவசம். அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். 1997 மே 11 அன்று உலகச் சாம்பியன் காஸ்பரோவைத் தொடரில் தோற்கடித்த ஐபிஎம்மின் டீப் புளூ, ஆளுயரப் பெட்டிகளில் அடங்கிய எந்திரம். நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசியது. இன்றைக்கு அதைவிட நன்றாக ஆடும் ஒன்று நம் வீட்டு மேசைமேல், காசில்லாமல் ஓடுகிறது. ஆக, பலம் என்பது இப்போது தேட வேண்டிய பொருளே இல்லை. எங்கேயும் கிடைக்கிறது. பாங்காக உட்கார்ந்து நம்மோடு ஆடும் ஒன்று கிடைப்பதுதான் அருமை.

போட்டுப் பார்த்தவை

எங்களிடம் இருந்த கம்ப்யூட்டர், அக்கா மகள் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தால் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. எங்கள் லேப்டாப்பில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பேட்டரி செத்து நாலு வருசம் ஆகிறது. எப்போதும் ஒயர் மாட்டியே இருக்க வேண்டும். 2 ஜிபி ரேம். அதில் இப்போது லினக்ஸ் மின்ட்டின் இலகுவான பதிப்பு ஒன்றைப் போட்டிருக்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால், பழைய எந்திரம் வைத்திருக்கும் பலருக்கும் இந்த வழி பயன்படும். செஸ்ஸுக்கு இவ்வளவு தாராளமாகப் போதும்.

முதலில் போட்டது ‘க்னோம் செஸ்’. சாஃப்ட்வேர் மேனேஜரில் செஸ் என்று தட்டினாலே வந்துவிடும். திறந்தால் பலகை. வேறொன்றும் இல்லை. எதிராளி யார், எந்த நிறம், சுலபமா, நடுத்தரமா, கடினமா, கடிகாரம் வேண்டுமா என்று நாலே நாலு கேள்வி. காயைத் தொட்டால் அது போகக்கூடிய கட்டங்கள் நிறம் மாறும். திருப்பி எடுக்கப் பொத்தான் உண்டு. ஒரு விசயத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள்: அது வெறும் பலகை. மூளை ஒன்றைத் தனியாகப் போட வேண்டும். குனூ செஸ் என்று தேடி அதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். 1984-இல் தொடங்கிய பழைய, நம்பகமான இஞ்சின் அது. போடாவிட்டால் இரண்டு மனிதர்கள் எதிரெதிரே ஆட மட்டும்தான் முடியும்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு அதே அளவு எளிமையானது ‘டாராஷ்’. நியூசிலாந்தில் பில் ஃபார்ஸ்டர் என்பவர் எழுதுவது. சின்னது, இலவசம். காயை இழுத்து வைத்தால் ஆட்டம் தொடங்கிவிடும். ‘அரீனா’ என்றொன்று இருக்கிறது. இஞ்சின்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்ப்பவர்களுக்குப் பிடித்தமானது. திறந்ததும் ஐந்தாறு சன்னல்களில் எண்கள் ஓடும். அப்பா ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இது ஆன்லைன் ஏவாரம் பண்றாப்புல இருக்குது” என்றார். அதை மூடிவிட்டேன்.

‘லூகாஸ் செஸ்’ என்பது ஸ்பெயினில் லூகாஸ் மோங்கே என்பவர் பல வருசமாகச் செதுக்கிக்கொண்டிருப்பது. இதுவும் இலவசம், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். இதில் கத்துக்குட்டி முதல் மலை முழுங்கி வரை ஏராளமான இஞ்சின்கள் உள்ளேயே இருக்கின்றன. குழந்தைகளுக்கு என்று தனியாகக் குரங்கு, கழுதை, காளை, ஓநாய், சிங்கம், எலி, நத்தை என்று எதிராளிகள் உண்டு. என் மகளுக்கு ஒன்பது வயது. அவள் காளையோடு ஆடி ஜெயித்த அன்றைக்குச் சாயங்காலம், பன்னீர்செல்வம் பார்க் போகும்போது காளைமாட்டுச் சிலையைப் பார்த்து, “இதைத்தான் தோக்கடிச்சேன்” என்றாள். ஆனால் லூகாஸ் செஸ்ஸில் மெனுக்கள் ஏகப்பட்டது. பயிற்சி, போட்டி, புதிர், புள்ளிவிவரம் என்று ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னொன்று. அப்பாவுக்கு இது ஒத்து வராது என்று முடிவு பண்ணி, க்னோம் செஸ்ஸை வைத்துக் கொடுத்தேன்.

அந்த முடிவு தப்பு. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

ராஜா குதிரையாகத் தாவும் ஆட்டம்

முதல் ஆட்டம். அப்பா வெள்ளை. ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். கம்ப்யூட்டர் உடனே தன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியது. “இதென்ன ரெண்டு கட்டம் போகுது?” என்றார். பத்துப் பன்னிரண்டு நடை தாண்டி, ராஜாவுக்கு நெருக்கடி வரும் என்று தெரிந்ததும், ராஜாவைப் பிடித்துக் குதிரை போல ஒரு தாவு தாவவிடப் பார்த்தார். ராஜா பழைய இடத்துக்கே திரும்பி வந்து நின்றது. மறுபடி இழுத்தார், மறுபடி திரும்பியது. “மவுஸ் கெட்டுப்போச்சா கண்ணு?”

மவுஸ் நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருசமும் அப்பாவும் மாமாவும் ஆடியது வேறு ஆட்டம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அது நம் நாட்டுப் பழைய ஆட்டமுறை. அதில் சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான். ராஜாவுக்குச் செக் விழாத வரைக்கும், ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரை போலப் பாயலாம். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோனும் விஜய் பண்டிட்டும் சேர்ந்து எழுதிய இந்திய செஸ் வரலாற்று நூல் இந்த ஆட்டமுறையைப் பற்றிப் பேசுகிறது. 1961-இல் ஆரோன் அந்தப் பட்டம் வாங்கிய காலத்திலும் நம் ஊர்த் திண்ணைகளில் இப்படி ஆடிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. இந்தப் பக்கத்து மண்டித் திண்ணையில் அது இன்னும் சில பத்தாண்டுகள் கூடுதலாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்பா முகம் வாடிவிட்டது. “அப்ப நாங்க ஆடுனதெல்லாம் தப்புங்களா?” என்று, மகனிடம் பேசுவதை மறந்து, மரியாதையோடு கேட்டார். அவருக்கு நான் மீர் சுல்தான் கானைப் பற்றிச் சொன்னேன். பஞ்சாபில் பிறந்து, இந்திய முறையில்தான் ஆட்டம் கற்றவர். ஐரோப்பிய விதிகளைப் பிற்பாடு பழகிக்கொண்டு, 1929-இல் இங்கிலாந்து போய், அதே வருசம் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933 என்று மேலும் இரண்டு தடவை. ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலகச் சாம்பியன் கபபிளாங்காவையே தோற்கடித்தவர். 2024-இல் உலகச் செஸ் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. அந்த முறையில் கற்றது அவர் ஆட்டத்துக்குக் குறையாக ஒன்றும் ஆகிவிடவில்லை.

இன்னொன்றும் சொன்னேன். கம்போடியாவில் ‘ஊக்’ என்று ஒரு சதுரங்கம் இன்றைக்கும் ஆடுகிறார்கள். அதில் ராஜா தன் முதல் நடையில் குதிரை போலத் தாவலாம். ஐரோப்பாவிலும் இடைக்காலத்தில் ராஜாவுக்கு இப்படி ஒரு பாய்ச்சல் இருந்தது. அது மாறி மாறி வந்ததுதான் இன்றைக்கு நாம் கோட்டை கட்டுவது என்கிற காஸ்லிங். அப்பாவுடைய பாய்ச்சலும் கம்ப்யூட்டர் கட்டும் கோட்டையும் பங்காளிகள். இந்தச் செய்தி அப்பாவை எழுப்பி உட்கார வைத்தது. “அட, ஒரே குடும்பமா?” என்றார்.

பழைய முறையிலேயே ஆட வேண்டும் என்பவர்களுக்கு ‘ஃபேரி ஸ்டாக்ஃபிஷ்’ என்ற இஞ்சின் இருக்கிறது. சதுரங்கத்தின் பல நாட்டு வடிவங்களும் அதற்குத் தெரியும், ஊக் உட்பட. அதை மாட்டித் தரட்டுமா என்று கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “வேண்டாங்கண்ணு. அது மாமாகூட ஆடுன ஆட்டம். இவனோட இவன் சட்டப்படியே ஆடறேன்” என்றார். இரண்டு நாளில் புது விதிகள் பழகிவிட்டன. ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. தன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிய ஒரு சமயம், பக்கத்தில் நின்ற கறுப்புச் சிப்பாய் அதைப் போகிற போக்கில் வெட்டிவிட்டது. காலிக் கட்டத்தில் வந்து நின்றுகொண்டு, பக்கத்துக் கட்டத்துக் காயை எப்படி எடுக்கும் என்று ஒரு மணி நேரம் வழக்காடினார்.

ஆனால் மூன்றாம் நாள் அவர் ஆடவில்லை. நாலாம் நாளும் லேப்டாப் மூடியே இருந்தது. என்னவென்று கேட்டேன்.

“இது ரோசனையே பண்ணாம வெக்குது கண்ணு. நான் கால் மணி நேரம் பாத்து ஒண்ணு வெச்சா, கை எடுக்கறதுக்குள்ள அது வெச்சிருது. மதிக்கவே மாட்டேங்குது.”

எனக்கு அந்த வார்த்தை ரொம்ப நேரம் மனதில் நின்றது. ஏலத்தில்கூட ஒரு விலை சொன்னால், வாங்குபவர் ஒரு விரலி மஞ்சளை எடுத்து ஒடித்து, உள்நிறம் பார்த்து, முகர்ந்து, அப்புறம்தான் பதில் விலை சொல்வார். அந்த இடைவெளியில்தான் எதிராளிக்குரிய மரியாதை இருக்கிறது. அப்பா தேடியது அந்த இடைவெளியை. நான் பொத்தான்களை எண்ணி எளிமையை அளந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் லூகாஸ் செஸ்ஸுக்குத் திரும்பப் போனேன். எனக்குப் பயமாக இருந்த அந்த மெனுக்களுக்குள்ளே, இஞ்சின் ஒரு நடைக்கு இத்தனை நொடி எடுக்க வேண்டும் என்று கட்டிப்போடும் வசதி இருந்தது. நாற்பது நொடி என்று போட்டேன். பயிற்சியாளர் போலக் குறுக்கே வந்து இதைவிட நல்ல நடை இருக்கிறது என்று சொல்லும் ‘டியூட்டர்’ வசதியை அப்பாவுக்கு அணைத்தேன். மகளுக்கு மட்டும் வைத்தேன். யார் முந்துகிறார்கள் என்று காட்டும் எண்களையும் மறைத்தேன். பலகையைத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன். ஓசையை நிறுத்தினேன். ஒரு சாயங்காலம் முழுக்க இதற்கே போனது. அதற்கப்புறம் அப்பா கண்ணுக்குத் தெரிவது ஒரு பலகையும், நிதானமான ஒரு எதிராளியும்தான். வீட்டில் ஒருவர் உட்கார்ந்து ஏற்பாடு பண்ணிக் கொடுத்துவிட்டால், சிக்கலான சாஃப்ட்வேரும் எளிமையாகிவிடுகிறது. வெறுமனே போட்டுக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டால் எளிமையானதும் எளிமையாக இருப்பதில்லை.

ரோசனை பண்ணாமல் வைப்பது கம்ப்யூட்டரின் பிறவிக் குணம் இல்லை என்பதையும் அப்பாவிடம் சொன்னேன். கணினியியல் முன்னோடி ஆலன் டூரிங் செஸ் ஆடும் முறை ஒன்றை எழுதியபோது, அதை ஓட்ட எந்திரமே இல்லை. 1952-இல் அவரே எந்திரமாக உட்கார்ந்து, தன் விதிகளைத் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்து, அலிக் கிளென்னி என்பவரோடு ஆடினார். ஒரு நடைக்கு அரை மணி நேரம்கூட ஆனது. கடைசியில் 29-ஆவது நடையில் அந்தத் தாள் எந்திரம் தோற்றது. “அவரு கணக்குப்பிள்ளை” என்றார் அப்பா, முழு மதிப்போடு.

தோற்கவும் ஒரு பதம் வேண்டும்

வேகம் சரியானது. அடுத்தது பலம். அப்பா நன்றாக ஆடுவார், ஆனால் போட்டி ஆட்டக்காரர் இல்லை. முழுப் பலத்தில் ஸ்டாக்ஃபிஷ் ஆடினால் இருபது நடைக்குள் முடித்துவிடும். அதைத் தணிக்க 0 முதல் 20 வரை திறன் அளவு உண்டு. குறைத்துப் பார்த்தேன். அதில் ஒரு சங்கடம். தணித்த இஞ்சின், பத்து நடை உலகச் சாம்பியன் போல ஆடிவிட்டு, பதினொன்றாவது நடையில் காரணமே இல்லாமல் யானையைக் கொண்டுவந்து நம் கையில் கொடுத்துவிடும். “பாவம்னு விட்டுக் குடுக்குது” என்றார் அப்பா. அவருக்கு அது பிடிக்கவில்லை. மாமா ஒரு நாளும் விட்டுக் கொடுத்ததில்லை. கண் தப்பித்தான் தோற்பார்.

இதற்கு ஒரு நல்ல மருந்து ‘மாயா’. டொரோன்டோ பல்கலைக்கழகம், கார்னெல் பல்கலைக்கழகம், மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சேர்ந்து 2020-இல் வெளியிட்டது. மற்ற இஞ்சின்கள் எது சிறந்த நடை என்று தேடும். மாயா, இந்தத் தரத்தில் ஆடும் ஒரு மனிதர் இங்கே எதை வைப்பார் என்று தேடும். லிசெஸ் என்ற செஸ் இணையதளத்தில் மனிதர்கள் ஆடிய லட்சக்கணக்கான ஆட்டங்களிலிருந்து அது கற்றது. 1100 முதல் 1900 வரை ஒன்பது தரங்கள். லூகாஸ் செஸ்ஸுக்குள்ளேயே அது இருக்கிறது. அப்பாவுக்கு 1300-இல் தொடங்கி, இப்போது 1500-இல் நிற்கிறோம். அதன் தப்புகள் மனிதத் தப்புகள். குதிரை ஒரே சமயத்தில் இரண்டு காய்களைத் தாக்குவதைக் கவனிக்காமல் விடும். கடைசி வரிசையைக் காவலில்லாமல் விடும். “இவன் ஆளு மாதிரி” என்று அப்பா சொன்னது மாயாவோடு இரண்டாவது ஆட்டத்தில்.

குழந்தைகளுக்காகத் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஈரோட்டிலிருந்தே ப. இனியன் 2019-இல் இந்தியாவின் 61-ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பர் 12 அன்று குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். பிள்ளைகளைச் செஸ்ஸில் சேர்க்கும் ஆசை எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அந்தக் குகேஷை அவர் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா ஆரம்ப வருசங்களில் இஞ்சின் பக்கம் விடாமல்தான் வளர்த்தார். தானே கணக்குப் போட்டுப் பழக வேண்டும் என்பதற்காக. எனவே குழந்தை ஆடும்போது எண்களைக் காட்டும் பட்டையை அணைத்துவிடுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு, எங்கே தப்பு என்று முதலில் அவர்களே தேடட்டும். எந்திரத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

கரண்டு போகும் பிரச்சினைக்கும் தீர்வு சுலபம். செஸ் ஆட்டங்களைச் சேமிக்க பிஜிஎன் என்று ஒரு பொது வடிவம் 1993 முதல் இருக்கிறது. வெறும் எழுத்துகள்தான், எந்த சாஃப்ட்வேரிலும் திறக்கும். அப்பா காப்பி குடிக்க எழும்போதெல்லாம் சேமித்துவிட்டு எழுகிறார். போன வாரம் மழைக்குக் கரண்டு போனபோது, வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார்.

பேரேடு

நேற்று ராத்திரி லேப்டாப்பின் ஒயரைக் கழற்ற அப்பாவின் மேசைக்குப் போனேன். பேரேடு திறந்திருந்தது. புதுப் பக்கம் ஒன்றில், ஏவாரிகள் பெயர் எழுதும் அதே சாய்வெழுத்தில், ‘மாயா, கம்ப்யூட்டர்’ என்று தலைப்பு. கீழே தேதிவாரியாக வரவும் பற்றும். நேற்று வரைக்கும் அப்பாவுக்கு ஆறு வரவு, பதினொன்று பற்று. ஒவ்வொரு பற்றுக்கும் பக்கத்தில் சின்னதாகக் காரணம்: ‘குதிரை பார்க்கவில்லை’, ‘அவசரம்’, ‘தூக்கம்’.

முந்தைய பக்கத்தைத் திருப்பினேன். மாமாவின் பக்கம். மண்டி வழக்கப்படி, ஆள் இல்லை என்றால் கணக்கைக் கூட்டி, இரட்டைக் கோடு போட்டு முடித்துவிட வேண்டும். அப்பா முடிக்கவில்லை. கடைசி ஆட்டத்துத் தேதிக்குக் கீழே, ‘பாக்கி நாலு ஆட்டம், நான் தர வேண்டியது’ என்று எழுதி, மிச்சப் பக்கத்தை வெறுமனே விட்டு வைத்திருக்கிறார்.